அறுபத்தேழு தப்புகளில் ஒன்று

உராதா செய்கிச்சி காரில் எப்போதும் மூன்று பேர். ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிப்பது மாதிரிப் பிடித்துக்கொண்டு ஒரு கற்றுக்குட்டி. பக்கத்தில், தன் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு வாத்தியார் உராதா. பின்சீட்டில், செத்துப்போன தொக்குனாகா.

தொக்குனாகா செத்து முப்பத்து நான்கு வருஷம் ஆகிறது. அதையெல்லாம் அவர் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. காலையில் முதல் வகுப்புக்குக் கார் கிளம்பும்போதே ஏறி உட்கார்ந்துவிடுவார். சிமெண்ட் கம்பெனி அணியின் தொப்பி, முழங்கால் வரை மண், வலது தோளில் ஐஸ் கட்டிய துணி. சீட் பெல்ட் போடமாட்டார். வாத்தியாருக்கென்று மேலே ஒட்டியிருக்கும் குட்டிக் கண்ணாடியில் உராதாவையே முறைத்துக்கொண்டு வருவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். பேசினால்கூடத் தேவலாம் என்று இருக்கும்.

அந்த ஏப்ரலில் ஸ்டியரிங் பிடித்தது மலைக்கோயில் பிக்கு. ஐம்பது வயது, மூன்று தடவை பரீட்சையில் தோற்றவர்.

"வாத்தியாரே, ஏன் அடிக்கடி பின்னாடி பாக்குறீங்க? வண்டி ஏதும் வருதா?"

"ஒண்ணும் வரல. நீங்க முன்னாடி பாருங்க, சாமி. அது தபால்பெட்டி."

ஷிராகுரா ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் மந்திரம் சொல்லிக் காசு வாங்கும் மனிதர் அவர். தனக்கு ரெண்டடி பின்னால் ஒருத்தர் உட்கார்ந்திருப்பது தெரியாமல் மூன்றாவது கியரைத் தேடிக்கொண்டிருந்தார். உராதா பிரேக்கை மிதித்தார். தபால்பெட்டி பிழைத்தது.

இந்த உராதா ஒரு காலத்தில் ஷார்ட்ஸ்டாப். அதாவது பேஸ்பால் மைதானத்தில் இரண்டாவது தளத்துக்கும் மூன்றாவது தளத்துக்கும் நடுவில் நிற்கிறவர். தரையோடு சீறிக்கொண்டு வருகிற பந்தில் பாதி அவர் தலையில்தான் விடியும். விரிகுடாவைச் சுற்றி இருக்கும் கம்பெனிகளின் லீக்கில், சிமெண்ட் அணிக்குப் பன்னிரண்டு வருஷம் அந்த இடத்தில் நின்றார். இல்லை, நின்றார் என்று சொல்லக் கூடாது. விழுந்தார், உருண்டார், பாய்ந்தார். அவர் உடுப்பைத் துவைத்த லாண்டரிக்காரி ஒருநாள் கம்பெனி வாசலுக்கே வந்து சண்டை போட்டிருக்கிறாள்.

தடுப்பாட்டக் கணக்கு எப்படி என்றால், கைக்கு வந்த பந்தை ஒழுங்காகப் பிடித்து எறிந்தால் நல்லது. தவறவிட்டால் 'தப்பு' என்று உங்கள் பேரில் ஒரு கோடு. பந்துக்குப் பக்கத்திலேயே போகாவிட்டால்? ஒன்றுமில்லை. அடித்தவன் பிழைத்துத் தளத்தைப் பிடித்துவிடுவான், அவனுக்கு அது 'ஹிட்', உங்கள் பேர் சுத்தம். சோம்பேறிகள் நாலு பேர் கூடி உட்கார்ந்து எழுதிய சட்டம் மாதிரி இருக்கும். ஆனால் உலகம் முழுக்க அதுதான் சட்டம்.

அந்தச் சட்டத்துக்கென்றே பிறந்தவர் ஹமாசாக்கி. எதிர்க்கரைக் கப்பல் பட்டறை அணியின் ஷார்ட்ஸ்டாப். நட்ட கம்பம். நேராக வந்த பந்தைத் தங்கமாகப் பிடிப்பார். ரெண்டு எட்டு தள்ளிப் போனால் டாட்டா காட்டி அனுப்பிவிடுவார். இப்போது மீன்பிடிச் சாமான் கடை வைத்திருக்கிறார், வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

ரெண்டு பேரையும் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் நகரமன்றத்தின் மாடி அறைக்கு வரச்சொல்லியிருந்தாள் நாசு அகேமி. பேஸ்பால் சங்கத்தில் வேலை பார்ப்பவள். லீக் தொடங்கி அறுபது வருஷம் ஆகிறது என்று ஒரு மலர் போடுகிறார்கள். அதற்காக ரெண்டு வருஷமாகப் பழைய ஸ்கோர் புத்தகங்களைத் தோண்டிக்கொண்டிருந்தாள். மலரில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே ஒரு ஆள், ஒரு முழுப்பக்கம், ஒரு படம். தேர்வு தடுப்பாட்ட விகிதத்தை, அதாவது தொட்ட பந்தில் தப்பில்லாமல் முடித்தது எவ்வளவு என்பதை, வைத்துத்தான் என்று குழுவில் இருந்த கிழவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

உராதா உள்ளே நுழையும்போது ஹமாசாக்கி ஏற்கெனவே அகேமியின் அரிசி முறுக்கைப் பாதி காலி பண்ணியிருந்தார்.

"வாடா ஓட்டைக் கை! செருப்பைப் பாத்துக் கழட்டு, அதையும் தவற விட்டுறப் போற."

"நீ எப்ப வந்த?"

"நான் எங்கடா வந்தேன்? நான்தான் நகரவே மாட்டேனே, நீயே ஊரெல்லாம் சொல்லுவியே."

அகேமி ஒரு காகிதத்தைத் திருப்பி வைத்தாள். "லீக்ல இருந்த மத்த ஷார்ட்ஸ்டாப்புங்க எல்லாம் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்து அம்பது, அறுபதுலயே நின்னுட்டாங்க. நீங்க ரெண்டு பேருதான் மேல. ரெண்டு பேருக்கும் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு."

"அப்ப சமம்" என்றார் உராதா.

"ஒரு பக்கத்துல ஒரு படம்தான் சார் போட முடியும். அதனால நாலாவது இலக்கம் வரைக்கும் போனேன். பத்தாயிரத்துக்கு ஹமாசாக்கி சார் 9723. நீங்க 9722."

ஹமாசாக்கி எழுந்து நின்று, ஃபைல் அலமாரிக்கும் தண்ணீர்க் கூஜாவுக்கும் கை அசைத்தார்.

"உக்காருங்க சார், இன்னும் இருக்கு" என்றாள் அகேமி. "உராதா சார் 482 ஆட்டத்துல 2412 பந்தைத் தொட்டிருக்காரு, தப்பு 67. நீங்க 470 ஆட்டத்துல 1915 பந்து, தப்பு 53. ஆட்டத்துக்கு அவருக்கு அஞ்சு, உங்களுக்கு நாலு. கிட்டத்தட்ட ஐந்நூறு பந்து வித்தியாசம்."

"எங்க பிட்சருங்க கெட்டிக்காரனுங்கம்மா. பந்தை என்கிட்ட வரவே விடமாட்டானுங்க."

"அதையும் பாத்துட்டேன். உங்களைத் தாண்டி ஹிட்டா போனதுதான் அந்த லீக்லயே அதிகம்."

ஹமாசாக்கி முறுக்குத் தட்டைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டார். "இந்தப் பொண்ணுக்கு லீவே கொடுக்க மாட்டாங்களா?"

உராதா சிரிக்கவில்லை. மேஜையில் மூடி வைத்திருந்த இன்னொரு புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை அட்டை. அதில் என்ன வருஷம் எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

அகேமி அதைத் திறந்தாள். 1983, அக்டோபர், கடைசி ஆட்டம். சிமெண்ட் அணிக்குப் பந்து வீசியது தொக்குனாகா. லீக்கின் அறுபது வருஷத்தில், எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் ஒருத்தர் வீசிமுடித்த ஒரே ஆட்டம்.

"ஒன்பதாவது இன்னிங்ஸ், ரெண்டு பேர் அவுட். இங்க பாருங்க. முதல்ல ஹிட்டுனு எழுதி, அழிச்சு, மேல தப்புனு எழுதியிருக்கு. ஓரத்துல ஸ்கோரரே எழுதின குறிப்பு: 'ஷார்ட்ஸ்டாப் தொப்பி கழற்றி வணங்கினார்.' அந்த ஸ்கோரர் இப்ப உயிரோட இல்ல." அவள் நிமிர்ந்தாள். "இது ஹிட்டா இருந்தா, உங்க கணக்குல ஒரு தப்பு குறையும். அறுபத்தாறு. நீங்க 9726. பக்கம் உங்களுக்கு. பந்து கிளவுஸ்ல பட்டுச்சா சார்?"

"படலை!" என்று கத்தியது ஹமாசாக்கி. அந்தப் பந்தை அடித்தவரே அவர்தான். "முப்பத்தாறு வருஷமாச் சொல்றேன்! அது என் ஹிட்டு! படலை!"

"ஹிட்டுனு மாத்தினா உங்க முதல் இடம் போயிடும் சார்."

அவர் வாய் அசைவது நின்றது. முறுக்கை விழுங்கினார்.

"போகட்டும். தடுத்தவனை எவன் ஞாபகம் வச்சுக்குறான்? தொக்குனாகாவை ஒடச்சவன்னு என் பேரு வரும்ல. டேய், சொல்லுடா. உனக்குப் பக்கம், எனக்கு ஹிட்டு. ரெண்டு பேருக்கும் லாபம். யாருக்குடா நஷ்டம்?"

யாருக்கு என்று மூன்று பேருக்கும் தெரியும். அகேமி மெதுவாகச் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள ஒரு வரி எழுதி முத்திரை வச்சுக் கொடுங்க. பட்டுச்சு, இல்ல படலை. எதுவானாலும் சரி."

அந்தப் பந்து உராதாவுக்கு நேற்று வந்த மாதிரி இருக்கும். மற்ற அறுபத்தாறு தப்பையும் அவர் மறந்துவிட்டார். எல்லாம் சொந்தத் தப்பு, நேர்மையான தப்பு, வந்த வழியே போய்விட்டது. தான் செய்யாத ஒன்று மட்டும் போக மாட்டேன் என்கிறது.

அன்றைக்கு இருபத்தாறு பேர் வந்தார்கள், இருபத்தாறு பேரும் வரிசையாக அவுட். ஒருத்தர் கூட முதல் தளத்தை மிதிக்கவில்லை. இன்னும் ஒரே ஒருத்தரை அனுப்பினால் பெர்ஃபெக்ட். தொக்குனாகாவுக்கு முப்பத்து மூன்று வயது, தோள் போய்விட்டது, சீசன் முடிந்ததும் மூட்டை கட்டும் பிரிவுக்கு மாற்றுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். சிமெண்ட் தூசி படிந்த மரங்களுக்குப் பின்னால் கடல் வெயில். ஹமாசாக்கி அடித்த பந்து தாழ்ந்து, வேகமாக, உராதாவுக்கு இடதுபுறம் போனது. வேறு எந்த ஷார்ட்ஸ்டாப்பும் அதை வழியனுப்பி வைத்திருப்பான். உராதா பாய்ந்தார். நீட்டிய கிளவுஸின் நுனிக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு சிகரெட் போகிற இடம் இருந்தது. பந்து அந்தச் சந்தில் போய்விட்டது.

மண்ணில் முகம் புதைந்து கிடந்தவருக்கு முதலில் கேட்டது, பின்னால் புல்லில் பந்து உருளும் சத்தம். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. தலையைத் தூக்கினார். தொக்குனாகாவின் முதுகு தெரிந்தது. முகம் இல்லை, முதுகு. யாரோ உள்ளேயிருந்து கம்பியை உருவின மாதிரி அந்த முதுகு தளர்ந்து இறங்கியது.

உராதா எழுந்தார். கிளவுஸை ஓங்கிக் குத்தினார். தொப்பியைக் கழற்றி, பந்து வீசுகிறவர் நிற்கும் மேட்டைப் பார்த்து, இடுப்பு வளைய வணங்கினார். பந்தைக் கோட்டைவிட்டவன் பிட்சரிடம் மன்னிப்பு கேட்கிற வணக்கம் அது. அந்த ஊர்களில் அப்படி வணங்கினவனை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. செய்யாத தப்புக்கு எவனாவது அத்தனை பேர் முன்னால் தலை குனிவானா? ஸ்கோரர் ரப்பரை எடுத்தார். பலகையில் ஹிட் என்ற இடத்தில் பூஜ்யம் அப்படியே நின்றது. தப்பு என்ற இடத்தில் ஒன்று ஏறியது. யோசித்துச் செய்கிற அளவுக்கு நேரமும் இல்லை, படிப்பும் இல்லை.

பெர்ஃபெக்ட் போனாலும், ஹிட் கொடுக்காத ஆட்டம் என்ற பாதியையாவது காப்பாற்றிக் கொடுத்தோம் என்று நிமிர்ந்தவரைத் தொக்குனாகா திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பார்வைதான் இப்போது காரின் பின்சீட்டில் இருக்கிறது.

தொக்குனாகா அந்த வணக்கத்தை நம்பிவிட்டார். எல்லோரையும் விட அதிகமாக நம்பினார். தான் பெர்ஃபெக்ட் வீசியதாகவும், உராதா அதைக் கையிலிருந்து நழுவவிட்டதாகவும். அடுத்த ஆளை அவுட்டாக்கி ஆட்டத்தை முடித்தார். அன்றைய விருந்தில் எல்லோருக்கும் தன் கையால் சாக்கே மது ஊற்றினார், உராதாவின் கிண்ணத்தைத் தாண்டிப் போனார். அதற்கப்புறம் பேசவே இல்லை. ரெண்டு வருஷத்தில் கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உராதா பார்க்கப் போனார். தொக்குனாகா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த ஆகஸ்டில் செத்துப்போனார்.

ஒவ்வொரு ஆகஸ்டும் உராதா தொக்குனாகா வீட்டுப் பூஜைப் பெட்டி முன்னால் போய் உட்கார்ந்து கும்பிட்டுவிட்டு வருவார். தவறவிட்ட பந்துக்காக இன்னும் மன்னிப்பு கேட்கிறான் பாரு, நல்ல மனுஷன் என்று ஊர் சொல்லும். அவர் கேட்கும் மன்னிப்பு வேறு. தன்னுடையது இல்லாத ஒன்றை எடுத்துக் கொடுத்து, அதையும் அரைகுறையாகக் கொடுத்து, ஒரு மனுஷனைச் சாகும்வரை வயிறெரிய வைத்தோமே என்று.

அந்தச் செவ்வாய்க்கிழமை பின்சீட்டுக்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் ரெண்டு சீட்டுக்கும் நடுவில். ஐஸ் உருகின தண்ணீரின் நாற்றம் அடித்தது. பிக்கு மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கப் பழகிக்கொண்டிருந்தார். வண்டி பின்னால் சரியும்போதெல்லாம் எங்கோ புல்லில் பந்து உருண்டது.

"ஏன் வாத்தியாரே வேர்க்குது உங்களுக்கு? நான் அவ்வளவு மோசமாவா ஓட்டுறேன்?"

"நீங்க நல்லாத்தான் ஓட்டுறீங்க, சாமி."

இப்படி ஒரு பொய்யை உராதா தொழிலில் சொன்னதே இல்லை. பிக்கு பயந்துபோய் வண்டியை அணைத்துவிட்டார்.

புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக் கூட்டம் கலைந்தபின், உராதா பஸ் நிலையத்துக்குப் போனார். அங்கே தொக்குனாகாவின் மனைவி ஃபுமியே சாப்பாட்டுப் பெட்டி விற்கிறாள். கல்லாவுக்கு மேலே, சுவரில், சட்டம் போட்ட படம். நாலு பேர் தொக்குனாகாவைத் தோளில் தூக்கியிருக்கும் படம். பஸ் டிரைவர்கள் அவளைச் 'சாதனை அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பேர் தெரியாதவர்கள்கூட இருக்கிறார்கள்.

"என்ன தம்பி, ஆகஸ்ட் அதுக்குள்ள வந்துருச்சா?"

"சாப்பிட வந்தேன், அண்ணி."

"சும்மா சொல்லாதீங்க. உங்க முகத்துல சாப்பிடுற களையா இருக்கு?" ஆனாலும் கானாங்கெளுத்தி வறுவல் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தாள்.

அவர் அதைத் திறக்கவில்லை. மலர், பக்கம், நாலாவது இலக்கம் எல்லாவற்றையும் சொன்னார். அப்புறம் சாப்பாட்டுக் குச்சியைப் பிரித்தார், சேர்த்தார், பிரித்தார்.

"அண்ணி, அந்தப் பந்து என் கையில படவே இல்ல."

முள்ளங்கி ஊறுகாய் அள்ளிக்கொண்டிருந்த கை நின்றது. "எந்தப் பந்து?"

"அந்தப் பந்துதான்."

அவள் அவரைப் பார்த்தாள். திரும்பி மேலே படத்தைப் பார்த்தாள். தோள் குலுங்கத் தொடங்கியது. உராதா பயந்துபோய் எழுந்தார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அட பாவி மனுஷா!" என்றாள் படத்திடம். "கேட்டீங்களா? ரெண்டு வருஷம்! குடிச்சா உராதா, குடிக்கலைன்னா உராதா. 'நான் இருபத்தேழையும் முடிச்சேன், அந்த நாய் ஒண்ணை விட்டுட்டான்.' கடைசி வாரம் டாக்டர் இவர்கிட்ட 'உங்க பேரு என்ன?'ன்னு கேக்குறாரு, இவரு உங்க பேரைச் சொல்லித் திட்டுறாரு தம்பி! அந்த நர்ஸ் பொண்ணு உங்களை எங்க வீட்டு எதிரின்னே நெனச்சுட்டா."

"தெரியும் அண்ணி. அண்ணன் என்னை மன்னிக்கல."

"மன்னிக்க என்ன இருக்கு? நீங்கதான் ஒண்ணுமே பண்ணலையே." இன்னும் கொஞ்சம் சிரித்தாள். ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தபின் முகம் வேறாக இருந்தது.

"அப்ப அது ஹிட்டு."

"ஆமா."

"அப்ப இவரு..."

"ஒரே ஒரு ஹிட்டு கொடுத்து ஜெயிச்ச ஆட்டம்."

"அந்த மாதிரி எத்தனை பேரு வீசியிருக்காங்க, லீக்குல?"

பொய் சொல்ல உராதாவுக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. "நாப்பது, அம்பது இருக்கும்."

"ஓ" என்றாள் ஃபுமியே.

ஒரு டிரைவர் வந்து நின்றான். "சாதனை அக்கா, ரெண்டு கோழி. ஊறுகா தூக்கலா." அவள் கட்டிக் கொடுத்தாள். சில்லறை கொடுத்தாள். அவன் போகிறவரை சாதாரணமாகத்தான் இருந்தாள். கல்லாப்பெட்டியை மூடியபின், அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு பேசினாள்.

"எழுதிக் கொடுத்துருங்க தம்பி. உங்களுக்கு வரவேண்டியதை ஏன் விடணும்? செத்தவருக்கு என்ன தெரியப்போகுது? ஒண்ணு மட்டும். இந்தப் படத்தை நீங்களே எடுத்துக் கொடுத்துருங்க. எனக்கு முட்டி வலி, ஸ்டூல்ல ஏற முடியாது. வேற யாருகிட்ட சொன்னாலும் ஏன்னு கேப்பாங்க."

ஸ்டூலையும் அவளே இழுத்துப் போட்டாள்.

உராதா ஏறினார். படம் அவர் முகத்துக்கு நேராக வந்தது. ஆகஸ்டில் கும்பிட வரும்போதெல்லாம் இந்தக் கடையிலும் சாப்பிட்டிருக்கிறார், எல்லாத் தடவையும் தலையைக் குனிந்துகொண்டு. இத்தனை பக்கத்தில் இதைப் பார்த்ததில்லை. ஆட்டம் முடிந்து எல்லோரும் மேட்டுக்கு ஓடியபோது அவர் மட்டும் எதிர்ப்பக்கம் நடந்து போய்விட்டவர். படத்தில் தொக்குனாகா வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருந்தார். கடைவாயில் ஒரு பல் இல்லை. ரெண்டு கையும் வானத்தில். கண்ணில் முறைப்பு இல்லை, உராதா இல்லை, யார் மேலும் எந்தக் கோபமும் இல்லை. இது யாரோ. முப்பத்து நான்கு வருஷமாகத் தன்னோடு வருகிற ஆளுக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருந்தது.

சட்டத்தைப் பிடித்து லேசாக அசைத்தார்.

"ஆணி ஆடுது, அண்ணி" என்றார் சுவரைப் பார்த்தபடியே. "நாளைக்கு ஒரு நல்ல ஆணி கொண்டாறேன்."

கீழே அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"இறங்குங்க" என்றாள் ஃபுமியே. "மீனு ஆறிப்போச்சு."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அகேமி காகிதத்தை நீட்டினாள். உராதா நின்றுகொண்டே எழுதினார். கையெழுத்து கோழி கிளறின மாதிரிதான், ஆனால் படிக்க முடிந்தது. '1983 அக்டோபர் ஆட்டத்தில் ஹமாசாக்கி அடித்த பந்து என் கிளவுஸில் பட்டது. தப்பு என்னுடையது.' பையிலிருந்து முத்திரையை எடுத்து, ஊதி, பேருக்குப் பக்கத்தில் சிவப்பாக அழுத்தினார்.

இருபத்தாறு வயதில் அரை நொடியில் செய்ததை இப்போது நிதானமாக, முத்திரை சகிதம், மறுபடி செய்தார். அன்றைக்கு என்ன விலை என்று தெரியாது. இன்றைக்கு நாலாவது இலக்கம் வரை தெரியும்.

அகேமி படித்தாள். "சார், நிச்சயமா?"

"நிச்சயம்."

"ரெண்டாயிரத்து நானூத்திப் பன்னண்டு பந்து சார். நான் ஒவ்வொண்ணா எண்ணினேன்." அவளுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"எண்ணினியேம்மா. அது போதும்."

"பொய்!" ஹமாசாக்கி மேஜையைத் தட்டினார். "பச்சைப் பொய்! எனக்கு வேண்டாம்டா உன் பிச்சைப் பக்கம்! அது ஹிட்டு, நான் முதல் தளத்துல நின்னுகிட்டுப் பாத்தேன், நீ குப்புறக் கிடந்த, பந்து சென்டர்ல கிடந்துச்சு! எம் பொண்டாட்டி இன்னமும் நம்ப மாட்டேங்கிறா!"

உராதா முத்திரையைத் துடைத்து உள்ளே போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். ஹமாசாக்கி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்து மாடிப்படி முனையில் சட்டைக் கையைப் பிடித்தார். மூச்சு வாங்கியது. கத்துவார் என்று பார்த்தால், மெதுவாகக் கேட்டார்.

"டேய். அந்தக் காகிதத்தை விடு. அது கிடக்கட்டும். எனக்கு மட்டும் சொல்லு. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

சாயங்காலத்துக்குள் துறைமுகம் முழுக்கச் சொல்லிவிடுவார் என்று ரெண்டு பேருக்குமே தெரியும். உராதா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். எதிர்க்கரையில் பட்டறையின் கிரேன்கள் நின்றன. முப்பத்தாறு வருஷமாக இவனும் இதைச் சுமந்துகொண்டுதான் திரிந்திருக்கிறான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"நல்ல அடி, ஹமா" என்றார். "தாழ்வா, வேகமா. பன்னண்டு வருஷத்துல அப்படி ஒரு அடியை நான் நாலோ அஞ்சோதான் பாத்திருக்கேன்."

ஹமாசாக்கியின் பிடி தளர்ந்தது.

"அவ்வளவு நல்ல அடியா?"

"அவ்வளவு நல்ல அடி."

கசங்கின சட்டைக் கையை ஹமாசாக்கி ரெண்டு தடவை தடவி நேராக்கிவிட்டார், கடையில் வாடிக்கையாளருக்குச் செய்கிற மாதிரி. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மாடியறைக் கதவைப் பார்த்துத் திரும்பி, அகேமிக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"பட்டுச்சும்மா! எனக்கும் இப்பத்தான் ஞாபகம் வருது. பட்டுச்சு."